கல்யாணக் கேசட்டின் வாலில் இருக்கும் விளம்பரங்கள்: பழைய டிவி விளம்பரங்களை மீட்க முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்து வீடுகளிலிருந்து இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட வீடியோ கேசட்டுகளை வாங்கி, அவற்றில் பதிவாகிக் கிடந்த பழைய டிவி விளம்பரங்களைக் கணினிக்கு மாற்றியிருக்கிறேன். என்னைப் பார்த்து இதே வேலையில் இறங்கிய ஏழெட்டுப் பேரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். ஒருவர் ஆர்வத்தில் முதல் நாளே கேசட்டை டெக்கில் (கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியில்) போட்டு, நாடா சிக்கி அறுந்துவிட்டது. இன்னொருவர் முந்நூறு விளம்பரங்களைத் தனித்தனியாக வெட்டி வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டார். இன்று அவற்றில் எது எந்த ஆண்டு என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அதனால் இந்த வேலையில் வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தால் யாரும் அந்தப் படியைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

1. எந்தக் கேசட்டில் தேடுவது

விளம்பரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை. இடைவேளை வந்ததும் பாஸ் பொத்தானை அமுக்குவதுதான் பழக்கம். ஆகவே யாரோ அமுக்க மறந்த இடத்தில்தான் விளம்பரம் பிழைத்திருக்கிறது. அந்த மறதியைத் தேடிப் போங்கள்.

அழகான கையெழுத்தில் லேபிள் எழுதி, உறை போட்டு அடுக்கி வைத்திருக்கும் கேசட்டுகளில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த வீட்டுக்காரர் கவனமானவர், விளம்பரம் வந்தபோதெல்லாம் நிறுத்தியிருப்பார். டைமர் வைத்துவிட்டு வெளியே போனவர்களின் கேசட்டும், கிரிக்கெட் பதிவு செய்த கேசட்டும் நல்லவை. ஓவருக்கு ஓவர் எழுந்து பொத்தான் அமுக்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

எனக்கு அதிகம் கிடைத்தது கல்யாணக் கேசட்டுகளின் வாலில். கல்யாணம் இரண்டாவது கேசட்டின் பாதியில் முடிந்துவிடும். மீதி நாடா வெறுமனே கிடப்பதைப் பார்த்து, வீட்டில் யாராவது ஞாயிற்றுக்கிழமைப் படத்தையோ வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியையோ அதில் பதிந்திருப்பார்கள். லேபிளில் ‘கல்யாணம் – 2’ என்றுதான் இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் என்றால் இன்னொன்றும் உண்டு. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி டிவி அங்கே உயரமான ஆன்டெனா வைத்த வீடுகளில் தெரிந்தது. அந்தக் கேசட்டுகளில் இலங்கைத் தமிழ் விளம்பரங்கள் வரும். அதில் சொல்லும் விலை இலங்கை ரூபாய். நம் ரூபாய் என்று நினைத்துக் குறிப்பெழுதிய ஒருவருக்குப் பிறகு எல்லாக் கணக்கும் தப்பிப் போனது.

2. கேசட் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

வேறெதையும் தொடுவதற்கு முன் ‘பதிவுத் தடுப்பு’ துண்டை உடையுங்கள். லேபிள் ஒட்டும் முதுகுப் பக்கத்தில் ஓர் ஓரமாகச் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை நெம்பி எடுத்துவிட்டால் அந்தக் கேசட்டில் புதிதாக எதுவும் பதிய முடியாது. பழைய டெக்கில் ‘பிளே’ பொத்தானும் ‘ரெக்கார்டு’ பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு தவறான அமுக்கலில் முப்பது ஆண்டு அழிந்துவிடும். உரிமையாளரிடம் சொல்லிவிட்டே உடையுங்கள். மறுபடி பதிய வேண்டுமென்றால் அந்தப் பள்ளத்தில் டேப் ஒட்டினால் போதும் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்து, கேசட்டின் ஆறு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, பென்சிலால் ஒரு எண் போடுங்கள். லேபிளில் அடித்து எழுதியிருப்பது, மேலே இன்னொரு லேபிள் ஒட்டியிருப்பது, வீடியோ கடையின் முத்திரை இருப்பது எல்லாமே பிற்பாடு ஆண்டு கண்டுபிடிக்க உதவும்.

3. பூசணம் பார்ப்பது

நம் ஊர்க் கேசட்டுகளுக்குப் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டு வீட்டுப் பரணில் இருந்த கேசட் என்றால் பத்தில் மூன்று நான்காவது பூசணம் பிடித்திருக்கும். இது என் கையில் வந்தவற்றை வைத்துச் சொல்வது.

கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் நாடாவின் மேல்விளிம்பு கருப்பாக, வழவழப்பாகத் தெரிய வேண்டும். மாவு தூவியது போலவோ, சிலந்தி வலை போலவோ வெள்ளை தெரிந்தால் அது பூசணம். அந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது. பூசணம் டெக்கின் ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கும் முனையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். உள்ளே நாடா ஒட்டிக்கொண்டு அறுந்தும் போகும்.

பூசணம் பிடித்ததைத் தனியாகக் காற்றுப் புகாத பையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், தூசி உள்ளே போகும். வெயிலில் காய வைக்கவும் வேண்டாம், நாடா நெளிந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நனைந்த கேசட்டுகளை வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டில் மொட்டை மாடியில் பரப்பியிருந்தார்கள். நனைந்தும் நிழலில் இருந்தவற்றில் சிலவற்றை எடுக்க முடிந்தது. மாடியில் காய்ந்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை.

பூசணக் கேசட்டைச் சுத்தம் செய்வது தனி வேலை. கற்றுக்கொள்ளும்வரை அதைத் தொடாமல் வைத்திருப்பதே அதற்குச் செய்யும் நல்லது. திறந்து பார்ப்பதானால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே திறங்கள்.

4. என்னென்ன வேண்டும்

ஒரு டெக். அதுதான் கிடைப்பது கஷ்டம். உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்து வந்த நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது. புதிது வாங்க வழியில்லை. கல்யாண வீடியோ எடுத்த பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் கேளுங்கள். நம் பக்கம் எல்லா ஊரிலும் அப்படி ஒரு ஸ்டூடியோ உண்டு, அலமாரியின் மேல்தட்டில் ஒரு டெக்கும் இருக்கும். அடுத்தது பழைய கேபிள்காரர்கள். லோக்கல் சேனலில் படம் ஓட்டியது அவர்கள்தான்.

பதிவு செய்யும் வசதியே இல்லாத, ஓட்ட மட்டும் முடிந்த விசிபி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அதில் தெரியாமல் அழித்துவிடும் பயம் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நாடாவை மிச்சம் பிடிக்கச் சிலர் ‘எல்பி’ என்ற பாதி வேகத்தில் பதிந்திருப்பார்கள். 180 நிமிடக் கேசட்டில் 360 நிமிடம் வரும். எல்பி வசதி இல்லாத டெக்கில் அது இரண்டு மடங்கு வேகத்தில் கிறீச்சிடும். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கெடவில்லை, வேறு டெக் வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் யுஎஸ்பி கேப்சர் கருவி, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு முனை கொண்ட ஆர்சிஏ கேபிள், ஒரு லேப்டாப், குறைந்தது ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். இத்துடன் யுபிஎஸ். கரண்ட் போனால் நாடா டெக்கின் உள்ளே உருளையைச் சுற்றியபடி அப்படியே நின்றுவிடும். கரண்ட் திரும்பும்போது சில டெக்குகள் அதைக் கசக்கித்தான் வெளியே தள்ளும். யுபிஎஸ் இல்லாமல் நான் ஒரு கேசட்டும் போடுவதில்லை.

டெக்கை டிவியில் இணைத்துத் திரையைப் போனில் படம் பிடிப்பதை முதல் வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரையில் கருப்புப் பட்டை ஓடும், அறையின் எதிரொலி சேரும். அதேபோல ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவுப் பெட்டியும் வேண்டாம். அது படத்தை அகலமாக இழுத்து, வரிகளைக் குழப்பிவிடும். பிறகு அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது.

5. டெக்கைத் தயார் செய்வது

பத்து ஆண்டு சும்மா இருந்த டெக்கில் நல்ல கேசட்டைப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகிப் பிசுபிசுத்திருக்கும். முதலில் போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டைப் போட்டு, ஓட்டி, சுற்றி, நிறுத்தி, வெளியே எடுத்துப் பாருங்கள். இதை ஐந்து முறை செய்யுங்கள். நாடாவில் சுருக்கமோ, ஓரத்தில் மடிப்போ விழவில்லை என்றால்தான் அடுத்தது.

படத்தில் பனி கொட்டினால் ஹெட் அழுக்கு. மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். நூல் பிரியாத மெல்லிய தோல் துணியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நனைத்து, ஹெட் பொருத்திய உருளையின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உருளையை மெதுவாகச் சுழற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருப்பதால் இதற்கு ஆகாது. காது குடையும் பஞ்சுக் குச்சியும் ஆகாது, பஞ்சு இழை ஹெட் முனையில் சிக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

6. ஓட்டிச் சுற்றுவது

பல ஆண்டு அசையாமல் இருந்த நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். படம் பார்க்காமல் கடைசிவரை ஒருமுறை வேகமாக முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்றிவிடுங்கள். சுற்று தளர்ந்து சீரானால் ஓட்டமும் சீராக இருக்கும். இதைச் செய்யாமல் போட்ட கேசட்டுகளில்தான் படம் மேல்பக்கம் கொடி மாதிரி வளையும்.

ஓடும்போது சத்தம் இழுத்தாற்போல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். பிடிவாதமாகச் சுற்றினால் அறும்.

7. பதிவு அமைப்புகள்

இந்தியாவிலும் இலங்கையிலும் டிவி ‘பால்’ (PAL) முறை. கேப்சர் மென்பொருள் பெரும்பாலும் அமெரிக்க ‘என்டிஎஸ்சி’ முறையில் திறக்கும். புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். படம் கருப்பு வெள்ளையாக வந்தாலோ மேலே உருண்டுகொண்டே இருந்தாலோ கேசட்டைக் குறை சொல்லாமல் இந்த அமைப்பைப் பாருங்கள்.

படத்தின் அளவு 720×576, வினாடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்), ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இதற்கு மேல் வைத்தால் கோப்புதான் பெருக்கும். விஎச்எஸ் என்னும் இந்த வீடியோ கேசட் நாடாவில் படுக்கைவாட்டில் இருப்பதே ஏறத்தாழ 240 வரி நுணுக்கம்தான், 4கே-யில் பதிவதால் இல்லாத விவரம் வந்துவிடாது.

‘டீஇன்டர்லேஸ்’ என்ற தேர்வை அணைத்து வையுங்கள். நாடாவில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதிவாகியிருக்கின்றன. அதை அப்படியே எடுத்து வைத்தால் பிற்பாடு நல்ல மென்பொருளால் வினாடிக்கு 50 சட்டமாக வழவழப்பாக மாற்றலாம். பதியும்போதே கலந்துவிட்டால் பாதி அசைவு போய்விடும், திரும்பக் கிடைக்காது.

இடம் இருந்தால் இழப்பில்லாத முறையில் பதியுங்கள், மணிக்குச் சுமார் 30 ஜிபி ஆகும். இடம் இல்லையென்றால் சுருக்கிப் பதியும் எச்.264 முறையில் வினாடிக்கு 8 மெகாபிட். மணிக்கு 4 ஜிபிக்குள் அடங்கும், மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 11 ஜிபி. நான் வழக்கமாக எடுப்பது இரண்டாவது. அரிதான கேசட்டுக்கு மட்டும் முதலாவது.

8. முழுக் கேசட்டையும் ஒரே மூச்சில்

கேசட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் பதியுங்கள். வேகமாக ஓட்டி விளம்பரம் வரும் இடத்தில் மட்டும் பதியலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு முறை நிறுத்தி ஓட்டும்போதும் நாடா உருளையில் ஏறி இறங்குகிறது, அதில்தான் தேய்மானம் அதிகம். அதுபோக, பத்து வினாடி விளம்பரம் வேக ஓட்டத்தில் கண்ணில் படாது.

முதல் ஐந்து நிமிடம் பக்கத்திலேயே இருந்து டிராக்கிங் குமிழைச் சரிசெய்யுங்கள். வேறு டெக்கில் பதிந்த கேசட் என்பதால் திரையின் கீழேயோ மேலேயோ இரைச்சல் பட்டை வரும். குமிழைத் திருப்பத் திருப்ப அது திரைக்கு வெளியே போய்விடும். கல்யாணம் முடிந்து டிவிப் பதிவு தொடங்கும் இடத்தில் மறுபடி திருப்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் இரண்டையும் பதிந்தவை வேறு வேறு கருவிகள். கல்யாணப் பகுதி நன்றாக வருகிறது என்று நம்பி எழுந்து போனால் நமக்கு வேண்டிய வால்பகுதி முழுக்க இரைச்சலாகப் பதிந்திருக்கும்.

நீலத் திரை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் வெறும் நீலம் ஓடி, அதற்குப் பிறகு மிகப் பழைய பதிவின் எச்சம் இரண்டு நிமிடம் வருவதுண்டு. மேலே புதிதாகப் பதிந்தவர்கள் அதுவரை வராமல் நிறுத்தியிருப்பார்கள். எனக்குக் கிடைத்ததிலேயே பழைய டயனோரா டிவி விளம்பரம் அப்படி ஒரு நீலத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

9. குறிப்பேடு

பதிவு ஓடும்போதே எழுதத் தொடங்குங்கள். கேசட் எண், நிமிடம்-வினாடி, என்ன பொருள், எத்தனை வினாடி, முன்னால் என்ன நிகழ்ச்சி, பின்னால் என்ன. ‘சோப்பு விளம்பரம்’ என்று எழுதாதீர்கள். ‘கிணற்றடி, இரண்டு பெண்கள், மஞ்சள் உறை’ என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். பிற்பாடு யாராவது ‘அந்தக் கிணற்றடி விளம்பரம் இருக்கா’ என்றுதான் கேட்பார்கள்.

10. வெட்டுவது

விளம்பரத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். அது வந்த இடைவேளையை முழுசாக ஒரே கோப்பாக வையுங்கள். முன்னால் ஒரு நிமிடம், பின்னால் ஒரு நிமிடம் நிகழ்ச்சியும் சேர்ந்திருக்கட்டும்.

காரணம் இதுதான். ஒரு விளம்பரம் பல ஆண்டுகள் மாறாமல் ஓடும். நிர்மா, உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் எல்லாம் அப்படி ஓடியவை. அதை மட்டும் பார்த்து ஆண்டு சொல்ல முடியாது. ஆனால் அதே இடைவேளையில் அடுத்து வரும் ‘இன்று முதல்’ படத்தின் அறிவிப்பு, போலியோ சொட்டு மருந்து நாளின் தேதி, செய்திக்கு முந்திய கடிகாரம் ஆகியவை சொல்லிவிடும். பக்கத்தில் இருப்பவைதான் சாட்சி. வெட்டி எறிந்தால் சாட்சியை எறிந்த மாதிரி.

மூலப் பதிவை எப்போதும் தொடாதீர்கள். பிரதியில்தான் வெட்ட வேண்டும். மறுபடி சுருக்காமல் வெட்டும் லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருள் போதும். கீழ்விளிம்பில் வரும் கிறுக்கல் வரியை மூலத்தில் மறைக்க வேண்டாம், பார்ப்பதற்கான பிரதியில் மறைத்துக்கொள்ளலாம். படத்தின் அகல உயர விகிதம் 4:3-ஆகவே இருக்கட்டும். அகலத் திரைக்கு இழுத்தால் எல்லா முகமும் உப்பிவிடும்.

11. எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் மாவட்டங்கள் இதற்குக் கொடுத்துவைத்தவை, துப்பு நிறைய உண்டு.

முதல் துப்பு மாவட்டப் பெயர். உள்ளூர்க் கடை விளம்பரத்தில் ‘திருவாரூர், தஞ்சை மாவட்டம்’ என்று இருந்தால் 1991-க்கு முந்தியது. அந்த ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. ‘திருவாரூர், நாகை மாவட்டம்’ என்றால் அதற்கும் 1997-க்கும் இடைப்பட்டது. 1997-இல் திருவாரூர் தனி மாவட்டம். இதில் ஒரு எச்சரிக்கை: கடைக்காரர்கள் பழைய ஸ்லைடையே இரண்டு மூன்று ஆண்டு ஓட்டுவார்கள். ஆகவே புதிய பெயர் இருந்தால் ‘இதற்குப் பிறகு’ என்று உறுதியாகச் சொல்லலாம், பழைய பெயர் இருந்தால் ‘இதற்கு முன்’ என்று சொல்வதில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

சில பெயர்கள் துப்பே ஆகாது. மாயவரம் மயிலாடுதுறையானது 1982-இல். ஆனால் இன்றைக்கும் மாயவரம் என்றுதான் சொல்கிறோம், கடைகளும் எழுதுகின்றன. ‘சென்னை’யும் அப்படித்தான். 1996-இல் பெயர் மாறியது என்று படித்துவிட்டு, தமிழில் சென்னை என்று வந்தாலே 1996-க்குப் பிந்தியது என்று முடிவு கட்டியவரைப் பார்த்திருக்கிறேன். தமிழில் எப்போதும் சென்னைதான். ஆங்கில எழுத்தில் மெட்ராஸ் என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது தொலைபேசி எண். இன்று ஊர்க் குறியீட்டின் முன் சுழியத்தை விட்டுவிட்டு, குறியீட்டையும் எண்ணையும் சேர்த்து எழுதினால் 10 இலக்கம் வரும். கும்பகோணத்துக்கு 435 என்ற மூன்று இலக்கமும் ஏழு இலக்க எண்ணும், தஞ்சாவூருக்கு 4362 என்ற நான்கு இலக்கமும் ஆறு இலக்க எண்ணும். 2000-களின் தொடக்கத்தில் எண்களின் முன்னால் 2 சேர்ந்தபோது இப்படி ஆனது. மொத்த இலக்கம் 10-க்குக் குறைந்தால் அதற்கு முந்தியது. எண்ணே இல்லாமல் ‘பெரிய தெரு, கும்பகோணம்’ என்று மட்டும் இருந்தால் இன்னும் பழையதாக இருக்க வாய்ப்புண்டு, உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது, ஊர் நிகழ்ச்சிகள். மகாமகத் தள்ளுபடி என்று பாத்திரக் கடை விளம்பரம் வந்தால் 1992 பிப்ரவரி அல்லது 2004 மார்ச், படத்தின் தரமே எது என்று சொல்லிவிடும். தஞ்சையில் உலகத் தமிழ் மாநாட்டை வரவேற்கும் வாழ்த்து என்றால் 1995 ஜனவரி. லோக்கல் சேனலின் கீழே ஓடும் வரியில் ‘மேட்டூர் அணை திறப்பு’ செய்தி வந்தால் அதை விடாதீர்கள். வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும், எந்த ஆண்டு எந்தத் தேதி என்பதற்குப் பதிவு உண்டு. ஓடும் வரியில் தேதி தெரிந்தால் ஆண்டு கிடைத்த மாதிரிதான்.

சேனலும் சொல்லும். சன் டிவி என்றால் 1993 ஏப்ரலுக்குப் பிறகு. ஜெயா டிவி 1999-க்குப் பிறகு. தூர்தர்ஷனில் ‘பொதிகை’ என்று எழுதியிருந்தால் 2000-க்குப் பிறகு.

பொருள்களில், கோகோ கோலா 1993-இல்தான் மறுபடி இந்தியாவுக்கு வந்தது. கேபிளில் மது, சிகரெட் விளம்பரம் வந்தால் அது 2000-இல் தடை வருவதற்கு முந்தியது. லாட்டரிக் கடை விளம்பரம் 2003-க்கு முந்தியது, அந்த ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது. போலியோ சொட்டு மருந்து முகாம் 1995-இல் தொடங்கியது.

ஒரு துப்பை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு துப்பு ஒத்துப்போனால் ஆண்டை எழுதுங்கள். இல்லையென்றால் ‘1991–96’ என்று எல்லையை எழுதுங்கள். ஊகித்து ஒரே ஆண்டை எழுதிவிட்டால், அடுத்தவர் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வார்.

12. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது

இதற்கும் வரிசை உண்டு. படத்தைக் காட்டிவிட்டு ‘இது எப்போ வந்தது’ என்று கேட்டால் ‘அது ரொம்ப காலம் முன்னாடி’ என்பதுதான் பதிலாக வரும். முதலில் ஒலியை மட்டும் போடுங்கள்.

கும்பகோணத்தில் என் அத்தைக்கு ஒரு இடைவேளையை இப்படிப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். காபித்தூள் விளம்பரம் முடியும் முன்பே அடுத்து என்ன வரும் என்று சொல்லிவிட்டார். மூன்றாவதாக வந்த உள்ளூர்ப் பாத்திரக் கடையின் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார். “இது நம்ம கேபிள்காரர் குரல்டா. அவரேதான் பேசுவார், யாரையும் வச்சுப் பேச மாட்டார். உன் சித்தப்பா கல்யாணத்துக்கு அந்தக் கடையிலதான் அண்டா வாங்கினோம், அப்ப இந்த விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்தது.” சித்தப்பா கல்யாணப் பத்திரிகை பீரோவில் இருந்தது. 1994, ஆவணி. தொலைபேசி எண்ணும் மாவட்டப் பெயரும் அதோடு ஒத்துப்போயின.

கேள்வியை ஆண்டோடு கேட்காதீர்கள், வீட்டு நிகழ்ச்சியோடு கேளுங்கள். யாருக்குக் கல்யாணம், யார் பிறந்திருந்தார்கள், டிவி எந்த அறையில் இருந்தது, கலர் டிவியா. அவர்கள் சொல்வதைப் போனில் பதிந்துவிடுங்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகே படத்தைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் நினைவு படத்தோடு கலந்துவிடும், பிறகு எது நினைவு, எது பார்த்தது என்று பிரிக்க முடியாது.

13. சேமிப்பதும் பகிர்வதும்

இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வெவ்வேறு வீடுகளில். பென் டிரைவைச் சேமிப்பாக நினைக்காதீர்கள், அது கொடுத்து வாங்கத்தான். மழைக்காலத்தில் டிஸ்க்கைத் தரைமட்ட அலமாரியில் வைக்க வேண்டாம்.

கல்யாணப் பகுதியை வெளியே போடவே கூடாது. அதில் இருப்பவர்கள் அதற்குச் சம்மதித்தவர்கள் அல்ல. நடுவில் வரும் படமும் பாட்டும் மற்றவர்களின் சொத்து. விளம்பரத்துக்கும் உரிமையாளர் உண்டு. இந்தியச் சட்டப்படி திரைப்பதிவுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டு. ஆகவே நான் இணையத்தில் ஏற்றுவதில்லை. வீட்டில், தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். உள்ளூர்க் கடை விளம்பரம் என்றால் அந்தக் கடைக்கே ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்து, கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கிறேன். இதுவரை ஒரு கடைக்காரரும் மறுக்கவில்லை. ஒருவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, அப்பாவின் குரல் என்று சொல்லி மூன்று முறை கேட்டார்.

14. கேசட்டைத் திருப்பிக் கொடுப்பது

முழுக்கப் பின்னே சுற்றி, உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் வைத்து, கேசட் நின்ற நிலையில் இருக்கும்படி அடுக்கிக் கொடுங்கள். படுக்க வைத்தால் நாடாவின் விளிம்பு அழுந்தும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கல்யாணத்தையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கூடவே கொடுங்கள். நாம் கேட்டது வால்பகுதி, அவர்கள் பார்க்க நினைத்துப் பார்க்க முடியாமல் வைத்திருந்தது தலைப்பகுதி. அதைக் கொடுத்த வீடுகளில்தான் அடுத்த தடவை ‘பரணில் இன்னும் நாலு கெடக்கு, எடுத்துட்டுப் போப்பா’ என்றார்கள்.